ஒரே குளியலறையில் அசிட்டும் குளோரினும்

யாழ்ப்பாணத்தில் எந்த வீட்டுக் கேத்தலைத் திறந்து பார்த்தாலும் அடியில் வெள்ளையாக ஒரு படலம் ஒட்டியிருக்கும். குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கற்பாறைக்குள் தேங்கியிருக்கும் நீர். பாறையைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொண்டுதான் அது கிணற்றுக்கு வருகிறது. சூடாகும்போதும் காயும்போதும் கரைத்துக்கொண்டு வந்ததைக் கல்சியம் காபனேற்றாக விட்டுச் செல்கிறது. கேத்தலில் படிவதே குழாய் வாயிலும் படிகிறது. மலசலகூடக் கோப்பையிலும், குளியலறைச் சுவரிலும், தரையோடுகளின் இடுக்கிலும் படிகிறது. வீட்டில் இது ஒரு சிறு தொல்லை. விருந்தினர் விடுதியிலும் திருமண மண்டபத்திலும் பாடசாலையிலும் வைத்தியசாலையிலும் இதை அகற்றுவது ஒருவருடைய வேலையில் பெரும் பங்கு. தும்புத்தடியால் எவ்வளவு தேய்த்தாலும் போகாத அந்தக் கறையை ஐதரோகுளோரிக் அமிலம் நுரை பொங்கக் கரைத்துவிடும். ஆகவே சுத்திகரிப்புப் பொருட்கள் வைக்கும் அறையில் அசிட் இல்லாத நிறுவனம் இங்கே மிகக் குறைவு.

அதே சுண்ணாம்புக்கல் இன்னொன்றையும் செய்கிறது. அதில் வெடிப்புகளும் துவாரங்களும் நிறைய உண்டு. மேலே மண் படை மெல்லியது. மலக்குழியில் இருந்து கசியும் நீர் வடிகட்டப்படாமலேயே பக்கத்துக் கிணற்றுக்குப் போய்ச் சேரக்கூடிய நிலம் இது. வீட்டுக்கு வீடு கிணறும் வீட்டுக்கு வீடு மலக்குழியும் உள்ள ஊரில் கிணற்றுக்குக் குளோரின் இடுவது வழக்கமாகிவிட்டதற்கு இதுவே காரணம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து குளோரின் தூள் இடச் சொல்வதைக் கேட்டிராத குடும்பம் இராது. கொரோனாக் காலத்துக்குப் பிறகு, குளோரின் என்றே நாம் அழைக்கும் சோடியம் ஐப்போகுளோரைற்றுக் கரைசலும் கான் கணக்கில் எல்லா நிறுவனங்களுக்கும் வந்து சேர்ந்தது.

இந்த மண்ணின் ஒரே இயல்பு அசிட்டையும் குளோரினையும் ஒரே அறைக்குள் கொண்டுவந்து வைத்திருக்கிறது. இரண்டும் தனித்தனியே ஆபத்தானவை. சேர்ந்தால் வருவது குளோரின் வாயு. முதலாம் உலகப் போரில், 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ர் போர்க்களத்தில் படைவீரர்களைக் கொல்வதற்குத் திறந்துவிடப்பட்டதும் அதே வாயுதான்.

எவ்வளவு வாயு வரும் என்பதை ஒரு முறை கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. 5 சதவீத ஐப்போகுளோரைற்றுக் கரைசலில் 100 மில்லிலீற்றரை எடுத்துக்கொள்வோம். தேநீர்க் கோப்பையில் பாதிக்குச் சற்று மேல். அதனுடன் போதிய அசிட் கலந்து முழுவதும் வினைபுரிந்தால் ஏறத்தாழ 1.6 லீற்றர் குளோரின் வாயு உண்டாகும். ஒரு மீற்றர் அகலமும் ஒன்றரை மீற்றர் நீளமும் 2.4 மீற்றர் உயரமும் கொண்ட மலசலகூடத்தில் இருக்கும் காற்று 3,600 லீற்றர். அதில் 1.6 லீற்றர் கலந்தால் காற்றில் பத்து இலட்சம் பங்குக்கு 450 பங்கு அளவில் குளோரின் இருக்கும். உயிருக்கு உடனடி ஆபத்து என்று தொழில்சார் பாதுகாப்பு நிபுணர்கள் வகுத்திருக்கும் அளவு பத்து இலட்சத்துக்கு 10 பங்கு மட்டுமே. உண்மையில் முழுவதும் வாயுவாக வெளியேறாது. ஒரு பகுதி கரைசலிலேயே நிற்கும், கதவு வழியாகவும் கொஞ்சம் போகும். இருபதில் ஒரு பங்கு மட்டும் வெளியேறினாலும் அந்த எல்லையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வந்துவிடுகிறது. இதற்கு வேண்டியிருந்தது அரைக் கோப்பைத் திரவம்.

குளோரின் காற்றை விட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானது. ஆகவே மேலே எழும்பிச் சாளரத்தால் போகாமல் தரையோடு தங்கும். நம்முடைய மலசலகூடங்களில் பெரும்பாலானவற்றுக்கு உச்சியில்தான் காற்றுத் துவாரம் இருக்கிறது. கழுவுகிறவரோ குந்தியிருந்து, கோப்பைக்கு மேல் முகத்தைக் குனிந்து தேய்க்கிறார். வாயு தங்கும் உயரத்தில் அவருடைய மூக்கு இருக்கிறது. மணம் தெரியாமல் போகாது; எல்லையை விடக் குறைந்த அளவிலேயே குளோரின் மணக்கும். ஆனால் நாள் முழுவதும் அந்த மணத்தோடு வேலை செய்கிறவருக்கு அது எச்சரிக்கையாகவே படாது. நன்றாக மணந்தால்தான் நன்றாகச் சுத்தமாகிறது என்று மேற்பார்வையாளர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். இந்த நம்பிக்கை எனக்கு மிகுந்த கவலை தருகிறது. குளோரின் மணம் காற்றில் இருக்கிறது என்றால், அது தரையில் செய்ய வேண்டிய வேலையை விட்டுச் சுவாசப்பைக்குள் வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

உள்ளே போன குளோரின் சுவாசப்பாதையின் ஈரத்தில் கரைந்து அமிலமாகிறது. முதலில் கண் எரியும், தொண்டை கரகரக்கும், இருமல் வரும், நெஞ்சு இறுகும். வெளியே வந்து காற்றுப் பட்டதும் சிலருக்குக் குறைந்துவிடும். ஏமாற்றும் கட்டம் அதுதான். கூடுதலாகச் சுவாசித்தவருக்குப் பல மணி நேரம் கழித்து, சில வேளைகளில் மறுநாள்கூட, நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறல் தொடங்கலாம். பிற்பகலில் இருமியவர் தேநீர் குடித்துவிட்டு வேலையை முடித்து, பஸ் ஏறி வீட்டுக்குப் போய், இரவில் மூச்சு விட முடியாமல் எழுவது இப்படித்தான். வேலைக்கும் நோய்க்கும் இடையில் சில மணி நேரம் இருப்பதால் இரண்டையும் யாரும் இணைத்துப் பார்ப்பதில்லை. ஒரே ஒரு முறை கடுமையாகச் சுவாசித்ததால் அதன் பின்னர் நிரந்தரமாக ஆஸ்துமா போன்ற நிலை வருவதையும் மருத்துவம் 1985 முதல் தனி நோயாக வகுத்து வைத்திருக்கிறது.

அடர்த்தி என்ற சங்கதிக்கு வருகிறேன். கடையில் விற்கும் மலசலகூடக் கழுவியில் ஐதரோகுளோரிக் அமிலம் பொதுவாக 10 சதவீதம் அளவில் இருக்கும். ஹாட்வெயார் கடையில் கானில் கிடைக்கும் அசிட் 30 சதவீதத்தைத் தொடும். மூடியைத் திறந்தாலே புகையும். வீட்டுக்கு வாங்கும் வெளிற்றும் திரவத்தில் ஐப்போகுளோரைற்று 3 முதல் 6 சதவீதம். நிறுவனங்களுக்குக் கானில் வருவதில் 10 முதல் 15 வரை. நிறுவனங்கள் அடர்ந்ததை வாங்குவதில் நியாயம் இருக்கிறது: ஏற்றுக்கூலி குறைவு, வைக்க இடம் குறைவு, விலையும் கட்டுப்படியாகும். ஆனால் நீர் சேர்க்கும் வேலையைத் தொழிற்சாலையில் இருந்து எடுத்து, அளவுக் கோப்பைகூட இல்லாத ஒருவரின் கையில் கொடுத்துவிடுகிறார்கள். மிச்சமாகும் பணம் நிறுவனத்துக்கு. அந்த மாற்றத்தோடு வரும் ஆபத்து கழுவுகிறவருக்கு.

நீர் சேர்ப்பதில் நடப்பது என்ன? தரையைத் துடைப்பதற்கு 0.1 சதவீதக் கரைசல் போதும். இரத்தம் சிந்திய இடத்துக்கு 0.5 சதவீதம். 5 சதவீதத் திரவத்தில் இருந்து 0.1 தயாரிக்க ஒரு பங்குக்கு 49 பங்கு நீர் வேண்டும். 12 சதவீதத் திரவமானால் ஒரு பங்குக்கு 119 பங்கு நீர். பழைய பழக்கத்தில் அதே கோப்பையால் அதே வாளிக்கு ஊற்றினால் கரைசல் இரண்டரை மடங்கு கடுமையாகிவிடும். நமது வெப்பம் இதை இன்னும் சிக்கலாக்குகிறது. ஐப்போகுளோரைற்று சூட்டில் கெட்டுப்போகும். அடர்ந்தது இன்னும் விரைவாகக் கெடும். தகரக் கூரைக்குக் கீழே சித்திரை, வைகாசி வெயிலில் கிடந்த கான் சில மாதங்களில் பாதி வலுவை இழந்திருக்கலாம். வேலை செய்கிறவர் "இது பிடிக்கவில்லை" என்று கூடுதலாக ஊற்றிப் பழகுகிறார். அடுத்து வருவது புதிய கான், முழு வலுவோடு. கை பழைய அளவையே ஊற்றுகிறது. கெடும்போது அது ஒட்சிசன் வாயுவை வெளிவிடுவதால் இறுக மூடிய கான் உப்பிக்கொண்டும் இருக்கும். வெயிலில் கிடந்ததை முகத்துக்கு நேரே வைத்துத் திறந்தால் திரவம் சீறும்.

கானில் இருந்து சிறு போத்தலுக்கு மாற்றுவது இன்னொரு பெரிய கேடு. தண்ணீர்ப் போத்தலும் சோடாப் போத்தலும் எங்கும் கிடைக்கின்றன. கானைத் தூக்கிக்கொண்டு மாடி ஏற முடியாது. ஆகவே மாற்றி ஊற்றுகிறார்கள். அந்தக் கணமே பெயர், அடர்த்தி, எச்சரிக்கை எல்லாம் கானோடு நின்றுவிடுகின்றன. நிறமற்ற அசிட், குழாய் அடைப்பை நீக்கும் நிறமற்ற காஸ்டிக் கரைசல், இளமஞ்சள் ஐப்போகுளோரைற்று மூன்றும் ஒரே மாதிரிப் போத்தலில் ஒரே தட்டில் நிற்கும். முன்னர் அசிட் இருந்த போத்தலில் குளோரின் ஊற்றப்படும். தாகத்தில் யாராவது எடுத்துக் குடிப்பதும் இப்படித்தான். 2003இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட முறைப்படி உலகெங்கும் இரசாயனக் கலன்களில் சிவப்பு விளிம்புச் சாய்சதுரக் குறிகள் இடப்படுகின்றன. உலோகத்தையும் கையையும் அரிக்கும் திரவத்தின் படம் எழுத வாசிக்கத் தெரியாதவருக்கும் புரியும். சோடாப் போத்தலில் அந்தப் படம் இல்லை. கானில் இருப்பதும் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும்தான்; தமிழில் எழுதியிருப்பதை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

குளோரின் வட மாகாணத்துக்கு அந்நியமான பொருள் இல்லை. 1950களில் அமைந்த பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை ஆனையிறவு உப்பை மின்பகுத்துக் குளோரினும் காஸ்டிக் சோடாவும் செய்தது. போர் அதை அழித்தது. அங்கே வேலை செய்தவர்களுக்கு இந்தப் பொருட்களின் குணம் தெரிந்திருந்தது. இன்று கானைத் தூக்குகிறவருக்கு அதைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை.

காஸ்டிக் சோடா என்னும் சோடியம் ஐதரொட்சைட்டு, அடைத்த குழாயைத் திறக்கும் தூளிலும், உணவகக் குசினியில் கொழுப்பை நீக்கும் திரவத்திலும் இருக்கிறது. அசிட்டைக் கண்டு பயப்படுகிறவர்கள்கூட இதைக் கண்டு பயப்படுவதில்லை. அசிட் பட்டால் உடனே எரியும், கையை இழுத்துக்கொள்வோம். சுட்ட தோல் ஓரளவு கட்டியாகி, அசிட் மேலும் உள்ளே போவதைத் தடுக்கும். காரம் அப்படிச் செய்வதில்லை. தோலின் கொழுப்பைச் சவர்க்காரமாக்கி, தசையைக் கூழாக்கிக்கொண்டு ஆழமாக இறங்கும். வலி தாமதித்தே வரலாம். காரத்தைத் தொட்ட விரல்களில் தெரியும் வழுவழுப்பு நம்முடைய சொந்தத் தோல் சவர்க்காரமாகிக்கொண்டிருப்பதன் அடையாளம். கண்ணில் பட்டால் சில நிமிடங்களில் கருவிழி வெளிறிப் பார்வை போகலாம். காஸ்டிக் தூள் நீரில் கரையும்போது வெப்பமும் வெளியேறும். சூடான நீரை அதன் மேல் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். குளிர்ந்த நீரை முதலில் எடுத்து, அதற்குள் தூளைச் சிறிது சிறிதாக இட வேண்டும். அசிட்டுக்கும் இதே ஒழுங்குதான்: நீர் முதலில், அசிட் பிறகு.

விபத்து என்று சொல்ல முடியாத, யாரும் பதிவு செய்யாத பாதிப்பு ஒன்றும் உண்டு. நோர்வேயின் பேர்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வு, ஐரோப்பாவில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் நுரையீரல் இயக்கத்தை இருபது ஆண்டுகள் தொடர்ந்து அளந்தது. சுத்திகரிப்பைத் தொழிலாகச் செய்த பெண்களின் நுரையீரல் ஆற்றல் மற்றப் பெண்களை விட விரைவாகக் குறைந்தது. நெடுங்காலம் புகைபிடிப்பதால் வரும் இழப்போடு ஒப்பிடத்தக்க இழப்பு என்று அவர்கள் எழுதினார்கள். நம் ஊரில் இந்த வேலையைப் பெண்களே பெருமளவில் செய்கிறார்கள். சாளரம் திறக்காத குளியலறைகளில், வெறுங்கையோடும் ரப்பர் செருப்போடும். விரலிடுக்கு வெடித்து, நகக்கண் வீங்கி, தோல் உரிந்த கைகளைப் பார்த்துவிட்டு அதைச் சேற்றுப்புண் என்று சொல்லிக் கடந்துபோகிறோம். தொழிலால் வந்த தோல் நோய் அது.

இப்படி யாருக்காவது ஏதாவது நேர்ந்தால் முதலில் வரும் சொல் கவனயீனம். "அவர் கவனமாக இருந்திருக்க வேண்டும்." இதை நான் ஏற்கவில்லை. எந்த அடர்த்தியில் வாங்குவது, எதில் ஊற்றி வைப்பது, எத்தனை மலசலகூடங்களை எத்தனை மணிக்குள் முடிப்பது, கையுறை கொடுப்பதா இல்லையா என்பவற்றில் ஒன்றையாவது தும்புத்தடி பிடித்தவர் தீர்மானிக்கவில்லை. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் விடுதி அறைகள் நிரம்பி வழியும்போது, ஒரு விருந்தினர் போய் அடுத்தவர் வருவதற்கு இடையில் குளியலறை பளிச்சிட வேண்டும். குளோரின் ஊற்றி ஊறவிட்ட கோப்பையில் கறை நிற்பதைக் கண்டு அதன் மேலேயே அசிட் ஊற்றுவதற்கு அந்த அவசரம் போதும். அவசரத்தை உண்டாக்கியவர் வேறு ஒருவர்.

சட்டமும் இவர்களுக்கு முழுத் துணையாக இல்லை. இலங்கையின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942ஆம் ஆண்டினது. நச்சுப் புகை, கண் பாதுகாப்பு பற்றியெல்லாம் அதில் உண்டு. ஆனால் தொழிற்சாலை என்ற வரைவிலக்கணத்துக்குள் அடங்கும் இடங்களுக்கே அது பொருந்தும். விடுதிக் குளியலறையும் பாடசாலை மலசலகூடமும் அதற்கு வெளியே நிற்கின்றன. வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934இல் வந்தது. வேலையின் காரணமாக, வேலையின்போது நேர்ந்த விபத்துக்குத் தொழில் கொடுப்பவர் பொறுப்பு என்பது அதன் அடிப்படை. இதைக் கோருவதற்கு என்ன நடந்தது என்பதற்குப் பதிவு வேண்டும். வைத்தியசாலைக்குப் போகிறவர் "மூச்சுக் கஷ்டம்" என்று மட்டும் சொல்லாமல், எந்த நேரம், எந்த இடத்தில், எந்தப் பொருளைக் கையாண்டபோது என்று சொல்லி அதைக் குறிப்பில் எழுதுவித்துக்கொள்ள வேண்டும். நட்டஈட்டுக்கு மட்டுமன்றிச் சிகிச்சைக்கும் அது தேவை.

நேர்ந்துவிட்டால் செய்ய வேண்டியவை எளியவை. வாயு எழும்பினால் வாளியையும் போத்தலையும் விட்டுவிட்டு உடனே வெளியே வர வேண்டும். கதவைத் திறந்தபடி விட வேண்டும். வாளியை எடுக்கத் திரும்பிப் போகக் கூடாது. உள்ளே மயங்கியவரைத் தூக்கப் போகிறவரும் விழுந்த சம்பவங்கள் உலகெங்கும் உண்டு. துணி முகக்கவசமும் சத்திரசிகிச்சை முகக்கவசமும் வாயுவைத் தடுக்கா. தோலில் பட்டால் நனைந்த உடையைக் கழற்றிவிட்டு ஓடும் நீரில் இருபது நிமிடம். தூளாக இருந்தால் முதலில் உலர்ந்த துணியால் தட்டிவிட்டுப் பிறகு நீர். கண்ணில் பட்டால் இமையைப் பிரித்துப் பிடித்து, மூக்குப் பக்கத்தில் இருந்து காதுப் பக்கமாக நீர் ஓடவிட வேண்டும், அதுவும் இருபது நிமிடத்துக்குக் குறையாமல். பிறகு வைத்தியசாலை. சுத்தமான நீரைத் தேடி நேரத்தை இழக்க வேண்டாம். கிணற்று நீரும் தாங்கி நீரும் போதும். தேங்காய் எண்ணெயும் பற்பசையும் காயத்தை மூடி இரசாயனத்தை உள்ளே அடைத்துவிடும். அசிட்டுக்குக் காரமும் காரத்துக்குத் தேசிக்காயும் பூசுவது மேலும் வெப்பத்தை உண்டாக்கும். விழுங்கியவருக்கு உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கச் செய்யவே கூடாது; இறங்கும்போது சுட்ட தொண்டை ஏறும்போது இரண்டாம் முறை சுடும். 1990 அம்புலன்சை அழைத்து, கானையோ அதன் லேபிளின் படத்தையோ கூடவே கொண்டுபோக வேண்டும். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் உள்ள தேசிய நச்சுத் தகவல் நிலையத்திடம் எந்த நேரமும் ஆலோசனை கேட்கலாம். பொருளின் பெயர் தெரிந்தால்தான் அவர்களால் உதவ முடியும்.

இவை நேர்ந்த பிறகு செய்பவை. நேராமல் இருக்க நிறுவனம் செய்யக்கூடியவற்றுக்குப் பெரிய செலவு இல்லை. தடித்த ரப்பர் கையுறை, கண்ணாடி, மூடிய சப்பாத்து, அளவுக் கோப்பை, தமிழில் எழுதி ஒட்டிய போத்தல். 30 சதவீத அசிட் கட்டடவேலை முடிந்த புதிய தரையில் சிந்திய சீமெந்தைக் கழுவுவதற்கு உரியது. அன்றாடக் குளியலறைக்கு அதை வாங்கவே தேவையில்லை. சுண்ணாம்புப் படிவு தடிக்கும் முன்னரே வாரம் ஒரு முறை சித்திரிக் அமிலக் கரைசலை ஊற்றி அரை மணி நேரம் விட்டால் மென்மையாகக் கரைந்துவிடும். குளித்து முடிந்ததும் சுவரையும் குழாயையும் உலர்ந்த துணியால் துடைத்தால் படிவே குறையும். ஆனால் சித்திரிக் அமிலமும் தேசிக்காய்ச் சாறும் வினாகிரியும் அமிலங்களே. குளோரினோடு சேர்ந்தால் அவையும் அதே வாயுவைத்தான் தரும்.

குளோரின் தூளைத் தனியே, உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். மண்ணெண்ணெயோ வேறு எண்ணெயோ பட்டால் அது தானாகவே தீப்பற்றக்கூடும். ஒரே இருட்டறையில் எல்லாவற்றையும் அடுக்கும் வழக்கத்தில் இது சாதாரணமாக மறக்கப்படுகிறது. அசிட் ஒரு அறையில், குளோரின் இன்னொரு அறையில், இரண்டு திறப்புகளும் இரண்டு வெவ்வேறு ஆட்களிடம். கறை நீக்கும் நாள் செவ்வாய் என்றால் அன்று குளோரின் அறை பூட்டியே இருக்கட்டும். மறுநாள் காலை, கோப்பையையும் தரையையும் நிறைய நீர் ஊற்றிக் கழுவிய பிறகு குளோரின் அறையைத் திறக்கலாம்.